35 டிகிரிக்கு மேல் யார் பொறுப்பு?

மடிக்கணினியுடன் வரும் கையேட்டின் கடைசிப் பக்கங்களில், பெரும்பாலோர் படிக்காமல் விடும் ஒரு வரி உண்டு. கருவி இயங்குவதற்குரிய சுற்றுப்புற வெப்பநிலையை அது குறிப்பிடும். கீழெல்லை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறினாலும், மேலெல்லை பெரும்பாலும் 35 டிகிரி செல்சியஸ் என்றே இருக்கும். பாலக்காட்டுக் கணவாயின் வாயில் வாழ்வோர் அவ்வரியைப் படித்தால் சிரிக்கத்தான் செய்வர். மார்ச் முதல் மே வரை சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளில் நண்பகல் அவ்வெல்லையை மிக எளிதாகக் கடந்துவிடுகிறது. 2024 ஏப்ரல் இறுதியில் பாலக்காட்டில் 41 டிகிரிக்கு மேல் பதிவானதும், இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை எச்சரிக்கை விடுத்ததும் நினைவிருக்கலாம். அதாவது, ஆண்டுக்குப் பல வாரங்கள் இப்பகுதியின் பள்ளிக் கணினிகளும் ஆய்வாளர்களின் கணினிகளும் தயாரிப்பாளர் வகுத்த எல்லைக்கு வெளியேதான் வேலை செய்கின்றன.

எல்லையைக் கடந்தபின் கருவியைக் காப்பது பயனரின் பொறுப்பு என்று விடப்பட்டிருக்கிறது. அப்பொறுப்பை நிறைவேற்றத் தேவையான அதிகாரம், அதாவது விசிறியையும் மின்செலவையும் தன் ஊரின் தட்பவெப்பத்துக்கேற்ப ஆளும் அதிகாரம், பயனரிடம் முழுமையாக இல்லை. லினக்ஸ் அதில் ஒரு பாதியைத் தருகிறது. மறுபாதியைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதும், கேட்கும் வலிமை கேரளத்துக்கு இருக்கிறது என்பதும் என் கருத்து. நீண்ட பதிவு, பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன்.

மொழியியல் படித்தவளுக்குக் கணினியின் சூட்டைப் பற்றி என்ன அக்கறை என்று கேட்கக்கூடும். என் ஆய்வு பாலக்காடு, இடுக்கி எல்லைப்புறத் தமிழைப் பற்றியது. ழகரம் எவ்வூரில், எவ்வயதினரிடம் நிலைக்கிறது, எங்கே ளகரமாகிறது என்பது அதில் ஒரு கேள்வி. இதற்குப் பேச்சைப் பதிவுசெய்து ஒலியலையை அளக்க வேண்டும். பதிவுக் கருவியைத் தனியே வைத்திருந்தாலும், படங்களைத் திரையில் காட்டிச் சொல்லச் செய்யும் முறையில் மடிக்கணினி பேசுபவரின் முன்னால்தான் இருக்கும். அதன் விசிறி சுழலத் தொடங்கினால் அந்த ஒலியும் பதிவாகும்.

அந்த ஒலி வெறும் இரைச்சல் அன்று. நிமிடத்துக்கு 3600 சுற்று சுழலும் விசிறி நொடிக்கு 60 சுற்று சுழல்கிறது. அதற்கு 30 இதழ்கள் இருப்பதாகக் கொண்டால், 1800 ஹெர்ட்ஸ் அளவில் ஒரு சீரான சுருதி எழும். ழகரத்தை அடையாளம் காட்டும் முதன்மைக் கூறு, அதன் மூன்றாம் ஒத்ததிர்வு கீழே இறங்குவதாகும். பலரிடம் அது 2000 ஹெர்ட்ஸை ஒட்டி வந்து நிற்கும். ஆக, ஒரு பாட்டியின் ழகரத்தை அளக்க முற்படும்போது, விசிறியின் சுருதி அதே அண்டையில் வந்து அமர்ந்துகொள்கிறது. வடிகட்டி நீக்கலாம் என்பர். வடிகட்டி விசிறிக்கும் ழகரத்துக்கும் வேறுபாடு அறியாது.

எனவே பதிவு நடக்கும் அரைமணி நேரம் விசிறி அடங்கியிருக்க வேண்டும். இரவில் பதிவுகளை எழுத்தோடு ஒலியன்வாரியாகப் பொருத்தும் நிரல் மணிக்கணக்கில் ஓடும்போது அதே விசிறி முழு வேகத்தில் சுழல வேண்டும். இவ்விரண்டையும் நான் தீர்மானிக்க வேண்டும் என்பது ஆடம்பரக் கோரிக்கை ஆகாது.

விசிறியைப் பற்றிப் பேசுமுன் ஒரு சொல்லாராய்ச்சி. 'லேப்டாப் ஹீட் ஆகுது' என்பதே எங்கும் கேட்கும் வாக்கியம். நம் அறிவியல் பாடம் வெப்பம், வெப்பநிலை என இரண்டைப் பிரித்துக் கற்பிக்கிறது. மலையாளத்தில் பின்னது தாபநில. ஆனால் பேச்சில் 'சூடு' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. இதனால் விசிறி பற்றிய குழப்பம் ஒன்று எழுகிறது. 'ஃபேன் ஓடுது, அதனால சூடு இல்ல' என்று ஒருவர் சொல்வார். 'ஃபேன் ஓடுது, அதனால ரொம்பச் சூடு' என்று மற்றவர் சொல்வார். விசிறி வெப்பத்தை வெளியேற்றுகிறது. திரையில் தெரியும் எண் வெப்பநிலை. வெளியேறும் வெப்பம் மிகுதியாக இருக்கும்போதே வெப்பநிலை ஏறாமல் நிற்கக்கூடும். இருவர் சொல்வதும் சரியாக இருக்கும் வாய்ப்புண்டு.

நம் பேச்சுத்தமிழ் வேறிடத்தில் வளமானது. வெக்கை, அனல், புழுக்கம் ஆகிய மூன்றும் மூன்று வேறு நிலைகள். வெக்கை சுற்றுப்புறத்தினுடையது. அனல் ஒரு பொருளிலிருந்து வந்து நம்மேல் வீசுவது. புழுக்கம் காற்று நகராமல் தேங்குவதால் வருவது. மடிக்கணினியின் வெப்பச் சிக்கல்கள் மூன்றும் இவையே: அறையின் வெக்கை, சில்லு உமிழும் அனல், தூசி அடைத்த துவாரத்துக்குள் புழுக்கம். எதனால் சூடாகிறது என்று இம்மூன்று சொற்களால் கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும்.

முதலில் வெக்கை. கணக்கு எளியது. சில்லின் வெப்பநிலை என்பது, அறையின் வெப்பநிலையோடு, செலவாகும் மின்திறனால் உண்டாகும் ஏற்றத்தைக் கூட்டியது. 25 டிகிரி அறையில் கனமான வேலையின்போது சில்லு 80 டிகிரியில் நிற்பதாக வைத்துக்கொள்வோம், ஏற்றம் 55. அதே வேலையை, அதே விசிறி வேகத்தில், 40 டிகிரி அறையில் செய்தால் சில்லு 95ஐத் தொடும். பல மடிக்கணினிச் சில்லுகளின் உச்சவரம்பு 100 டிகிரி. 20 டிகிரி இடைவெளி 5ஆகச் சுருங்கிவிட்டது. தகரக் கூரையின் கீழ் அந்த 5உம் இராது. வரம்பைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 'ஹேங் ஆகுது' என்று பள்ளிகளில் கேட்கும் புகாரில் ஒரு பகுதி இதுதான் என்பது என் ஊகம். மென்பொருளை மாற்றி நிறுவுவது இதற்கு மருந்தாகாது.

மலைப்பக்கம் வேறு கதை. தேவிகுளம், மூணாறு, வட்டவடை ஆகிய இடங்களில் குளிர் உதவுகிறது. ஆனால் ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் சுழலும் விசிறி குறைந்த நிறையுள்ள காற்றையே தள்ளுகிறது. ஏற்றம் சற்றுக் கூடும். 12 டிகிரிக் குளிரில் அது பொருட்டன்று. மழைமறைவுப் பகுதியான மறையூரின் கோடையில் அது கவனிக்கத்தக்கது. கணவாய்க்கும் மலைக்கும் இடையே ஒரே கணினியைத் தூக்கித் திரிபவருக்கு, தொழிற்சாலையில் எழுதப்பட்ட ஒரே விசிறிக் கணக்கு எப்படிப் போதும்?

இனி லினக்ஸ் என்ன தருகிறது என்பதற்கு வருகிறேன். முதற்கொடை, பார்க்கும் உரிமை. 'எல்எம்-சென்சார்ஸ்' என்னும் தொகுப்பை நிறுவி 'சென்சார்ஸ்' என்று முனையத்தில் தட்டினால் கணினியின் உணரிகள் சொல்லும் எண்கள் வரிசையாக வரும். எதுவும் நிறுவாமலும் பார்க்கலாம். 'சிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'தெர்மல்' என்று சென்றால் ஒவ்வொரு வெப்பமண்டலத்துக்கும் 'டெம்ப்' என்றொரு கோப்பு இருக்கும். அதில் 54000 என்று இருந்தால் 54 டிகிரி என்று பொருள். ஆயிரத்தில் ஒரு பங்காக எழுதுவது கருனியின் வழக்கம். சூட்டைக் கையால் தொட்டுச் சொல்வதற்கும் இந்த எண்ணுக்கும் நடுவே பெரிய தொலைவு உண்டு. அடிப்பலகை கொதித்தாலும் சில்லு 60இல் இருக்கலாம்.

இரண்டாம் கொடை, அனலைப் பிறப்பிலேயே குறைக்கும் வழி. பலரும் நேரே விசிறியிடம் போகிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். இன்டெல் சில்லுகளில் 'நோ டர்போ' என்னும் கோப்பில் 1 என்று எழுதினால் சில்லு தன் அடிப்படை வேகத்துக்கு மேல் தாவாது. ஏஎம்டி சில்லுகள் பலவற்றில் 'பூஸ்ட்' கோப்பில் 0. மின்செலவு அதிர்வெண்ணோடும், மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுவதால், கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வேகத்துக்கே மிகுந்த விலை கொடுக்கிறோம். கட்டுரை எழுதவும், உலாவியில் படிக்கவும், பேச்சலையைப் பார்க்கவும் அந்த வேகம் தேவையில்லை. மார்ச் முதல் மே வரை அதை அணைத்தே வைத்திருக்கலாம் என்பது என் துணிபு. பேச்சுப் பதிவின்போதும் நான் செய்வது இதுதான்: விசிறியை வலிந்து நிறுத்துவதில்லை, அது சுழலத் தேவையில்லாத அளவுக்கு வேலையைத் தணித்துவிடுகிறேன். உபுண்டுவில் முன்கூட்டியே வரும் 'தெர்மல்டி'யும், மின்செலவை ஆளும் 'டிஎல்பி'யும் இவ்வகை வேலைக்கே உள்ளன. இரண்டாவதை நிறுவுவோர், மேசைச்சூழலில் உள்ள மின்னாற்றல் அமைப்போடு அது முரண்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புழுக்கத்துக்கு மென்பொருள் இல்லை. கணவாய்க் காற்று கொண்டுவரும் செம்மண் தூசி, உலோகத் தகடுகளுக்கு இடையில் கம்பளம்போல் படிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, கோடைக்கு முன், சர்வீஸ் கடையில் திறந்து துடைத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்டை மாற்றுவது எந்த நிரலையும்விடப் பயன் தரும். மெத்தைமேலும் தலையணைமேலும் கணினியை வைப்பவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது விசிறி. இங்கேதான் அதிகாரம் பாதியில் நிற்கிறது. மேசைக்கணினியில் 'பிடபிள்யூஎம்கான்ஃபிக்', 'ஃபேன்கண்ட்ரோல்' கொண்டு 0 முதல் 255 வரையிலான எண்ணால் விசிறியை ஆளலாம். மடிக்கணினியில் விசிறி பெரும்பாலும் ஒரு தனிச் சிறு கட்டுப்பாட்டுச் சில்லின் கையில் இருக்கிறது. அதற்கென்று மூடிய நிரல் ஒன்று உண்டு. இயங்குதளம் கேட்டாலொழிய, சில வேளை கேட்டாலும், அது தன் அட்டவணையையே பின்பற்றும்.

திங்க்பேட் வகைக் கணினிகளுக்குக் கருனியிலேயே இயக்கி இருக்கிறது. விசிறியை ஆளும் வசதி அதில் பாதுகாப்புக் கருதி முதலில் அணைக்கப்பட்டிருக்கும். பயனர் அறிந்து 'ஃபேன் கண்ட்ரோல்' அளபுருவை 1 ஆக்கினால் மட்டுமே திறக்கும். பிறகு 0 முதல் 7 வரை படிகள். 'திங்க்ஃபேன்' என்னும் நிரல் இப்படிகளை வெப்பநிலையோடு இணைத்துத் தருகிறது. இதில் என்னைக் கவர்ந்தது 'வாட்ச்டாக்' என்னும் காவல் ஏற்பாடு. 1 முதல் 120 நொடி வரை ஒரு காலத்தை வைக்கலாம். அதற்குள் நிரலிடமிருந்து மறுகட்டளை வராவிட்டால் இயக்கி விசிறியைப் பாதுகாப்பான நிலைக்குத் திருப்பிவிடும். பயனரை நம்புவதும், பயனர் உறங்கிவிட்டால் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இது சான்று. டெல் கணினிகள் பலவற்றுக்கும் இவ்வாறு இயக்கி உண்டு. ஆனால் சில மாதிரிகளில் பயாஸ் தன் பிடியை விடாமல் இழுபறி செய்யும்.

மற்றவற்றின் நிலை? குறைந்த விலைக் கணினிகள் பலவற்றில் விசிறியின் வேகத்தைப் படிக்கக்கூட வழியில்லை. 'என்பிஎஃப்சி-லினக்ஸ்' போன்ற தன்னார்வத் திட்டங்கள், எந்தப் பதிவகத்தில் எந்த எண்ணை எழுதினால் எந்த மாதிரியின் விசிறி அசைகிறது என்று தேடிக் கண்டுபிடித்துத் தொகுத்திருக்கின்றன. பாராட்டத்தக்க உழைப்பு. ஆயினும் இது இருட்டறையில் சுவர் தடவுவது. மாதிரி பொருந்தாத கோப்பைப் போட்டால் விசிறியைத் தவிர வேறெதையோ தொட்டுவிடக்கூடும். பள்ளி ஆசிரியர் எவருக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பயனர்கள் இப்படித் தடவிக்கொண்டிருக்கும் அந்த எண்கள் தயாரிப்பாளரின் மேசையில் ஓர் ஆவணமாக இருக்கின்றன என்பதே எனக்கு எரிச்சலூட்டுவது.

'தொடாதீர்கள், எரிந்துவிடும்' என்று சொல்வோர் உண்டு. அவர்கள் அஞ்சும் அளவுக்கு ஆபத்து இல்லை. சில்லுக்குள்ளேயே வெப்பக் காவல் இருக்கிறது. வரம்பில் வேகம் குறையும், அதையும் மீறினால் கணினி தானே அணைந்துவிடும். இயங்குதளத்தின் அனுமதியை அது கேட்பதில்லை. அவர்கள் கவலைப்படாத இடத்தில்தான் உண்மையான சேதம் நிகழ்கிறது. அது மின்கலத்தில். லித்தியம் அயனி மின்கலம் வெப்பத்தில் விரைந்து மூப்படையும். முழுவதும் நிறைந்த நிலையில் வெப்பமும் சேர்ந்தால் இன்னும் விரைவாக. நாள் முழுதும் மின்செருகியிலேயே இருக்கும் ஆய்வகக் கணினிகளில், கோடைக்குப் பிறகு தொடுபலகை மேலெழும்பி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அடியில் மின்கலம் உப்பியிருக்கிறது. இதற்கும் லினக்ஸில் வழி உண்டு. வன்பொருள் இடங்கொடுத்தால், மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் எல்லையை 'டிஎல்பி' வழியாகவோ கருனியின் கோப்பு வழியாகவோ வைக்கலாம். 'வன்பொருள் இடங்கொடுத்தால்' என்னும் அச்சொற்றொடரே மீண்டும் மீண்டும் வழியை மறிக்கிறது.

ஆகவே கேரளத்திடம் வருகிறேன். பள்ளிக்கல்வியில் கட்டற்ற மென்பொருளை இவ்வளவு பரவலாக நடைமுறைப்படுத்திய மாநிலம் இந்தியாவில் வேறில்லை என்பேன். 2001இல் தொடங்கிய ஐடி அட் ஸ்கூல் திட்டம் பின்னர் 2017இல் கைட் நிறுவனமாயிற்று. 2018இல் தொடங்கிய ஹைடெக் பள்ளித் திட்டம், 4752 பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் ஒளிவீழ்த்தியும் கொண்டுசேர்த்தது. அவற்றில் உபுண்டுவை அடியாகக் கொண்ட கைட்டின் சொந்த லினக்ஸ் இயங்குகிறது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குபவர் சொல்வதைத் தயாரிப்பாளர் கேட்பார். தனியொரு ஆய்வு மாணவி மின்னஞ்சல் எழுதினால் தானியங்கி மறுமொழிதான் வரும்.

கொள்முதல் நிபந்தனையில் மூன்று வரிகள் இருக்க வேண்டும் என்கிறேன். கணினியின் வெப்ப உணரிகளும் விசிறியின் வேகமும் கருனியில் ஏற்கப்பட்ட இயக்கியின் வழியே படிக்கத்தக்கவையாக இருத்தல். விசிறிக்கு மாற்று அட்டவணை வகுக்கும் வழி ஆவணப்படுத்தப்பட்டிருத்தல். காவல் ஏற்பாட்டுடன் இருந்தால் எனக்கு முழு உடன்பாடு. மூன்றாவது, 40 டிகிரி அறையில் நான்கு மணி நேரம் வகுப்பறைப் பணியைச் செய்துகாட்டிச் சோதனையில் தேறுதல். விலை சற்று உயரக்கூடும் என்ற மறுப்பு நியாயமானது. உப்பிய மின்கலங்களை மாற்றும் செலவையும் அதே தாளில் எழுதிப் பார்த்துவிட்டு அந்த மறுப்பைச் சொல்லட்டும். கணவாய்க்கு நியாயமான நிபந்தனை ஆலப்புழைக்கோ வயநாட்டுக்கோ தீங்கு செய்யாது.

மொழியைப் பற்றி ஒன்று மிச்சமிருக்கிறது. சித்தூர் வட்டத்திலும், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழ்வழியில் பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேசைச்சூழலின் பட்டிகள் தமிழில் வரும். ஆனால் கணினி கொதிக்கும்போது முனையத்தில் தெரியும் 'ஹை', 'கிரிட்' என்னும் குறிப்புகளும், பதிவேட்டில் விழும் எச்சரிக்கைகளும் ஆங்கிலமே. 2012 முதல் வரும் கணியம் இதழ் போன்றவை தமிழில் லினக்ஸை எழுதிவருவது பெரும்பணி. அதன் தொடர்ச்சியாக, வெப்பத்தைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுத விரும்புகிறேன். அதில் கலைச்சொல் ஆக்கும் ஆசை எனக்குக் குறைவு. சென்சார், ஃபேன், பேட்டரி என்று எல்லோரும் சொல்வதை அப்படியே வைத்துக்கொண்டு, வெக்கை, அனல், புழுக்கம் என்ற பிரிவை மட்டும் அடிப்படையாக வைக்கப்போகிறேன். தோட்டத்தில் வேலை செய்யும் தாயிடம் பிள்ளை போய் விளக்கினாலும் புரியும் பிரிவு அது.

கையேட்டில் ஒரு பயிற்சியும் இருக்கும். பள்ளியில் பைதான் படிக்கும் மாணவர், முன்சொன்ன 'டெம்ப்' கோப்பை நிமிடத்துக்கு ஒருமுறை படித்து, ஆயிரத்தால் வகுத்து, நேரத்தோடு ஒரு தாளில் எழுதும் நிரலைப் பத்து வரியில் எழுதிவிடலாம். பக்கத்தில் அறை வெப்பமானி ஒன்று. கொழிஞ்சாம்பாறையில் ஒரு வகுப்பும் மூணாற்றில் ஒரு வகுப்பும் ஒரே மாதிரிக் கணினியில், ஒரே நாளில் இதைச் செய்து வரைபடங்களை மாற்றிக்கொண்டால், வெக்கை எவ்வளவு, அனல் எவ்வளவு என்று கழித்துப் பார்க்கலாம். இரு பக்கத்திலும் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் இருந்தால் உள்பெட்டியில் எழுதுங்கள். வெப்பமானி இரண்டையும் நான் கொண்டுவருகிறேன்; பிப்ரவரி முடிவதற்குள் தொடங்கினால் நல்லது.